கப்பலிற் பிறந்த கணக்கு

பிக்காடிலி வீதியால் போகும்போது பேர்லிங்டன் மாளிகையை நம்மிற் பலர் கண்டிருப்போம். அதன் முற்றத்தின் ஒரு பக்கத்திலே றோயல் வானியற் கழகம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி அக்கழகத்தின் கூட்டத்தில் 24 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் பலர் முன்னிலையில் நகைப்புக்கு ஆளானார். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910இல் லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் படித்தவர். சேர் சி. வி. இராமனின் தமையன் மகன். 1930 யூலையில் கேம்பிரிட்ஜ் செல்லக் கப்பலேறியபோது தாயார் சீதாலட்சுமி நோயுற்றிருந்தார். அடுத்த வருடம் அவர் காலமானார். தாயின் முகத்தை மகன் மீண்டும் காணவில்லை. இதை வாசிக்கும்போது நம்மிற் பலரின் மனம் எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கப்பலிலேதான் கணக்கும் பிறந்தது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் பாரத்தாலேயே சுருங்கும். சூரியனளவு பொருள் பூமியளவுக்குள் அடங்கிவிடும். இதனை வெண்குள்ளன் என்பர். அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் பல தொன் நிறை! அங்கே அணுக்கள் நொறுங்கி இலத்திரன்கள் நெருக்கமாய் அடைபட்டிருக்கும். ஒரே நிலையில் இரண்டு இலத்திரன்கள் இருக்க முடியாது என்ற விதியே பாரத்தைத் தாங்குகிறது; அதற்கு வெப்பம் வேண்டியதில்லை. ஆனால் இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை அணுகும்போது இத்தாங்கு சக்திக்கும் எல்லையுண்டு என்று அந்த 19 வயது இளைஞர் கண்டார். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்டால் விண்மீன் வெண்குள்ளனாய் நிலைக்காது, மேலும் சுருங்கும்.

கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் உலகப் புகழ்பெற்ற சேர் ஆர்தர் எடிங்டன் எழுந்து, அடிப்படைச் சூத்திரமே தவறென்று கேலி செய்தார். சபை சிரித்தது. இளைஞருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கிட்டவில்லை. போர், பவுளி போன்ற பௌதிக மேதைகள் தனிமையில் அவர் பக்கமே நின்றனர்; வெளியில் வாய் திறக்கவில்லை. ஐந்தொகை சரியாக வந்த பின்பும் பேரேட்டைத் தூக்கி எறிந்தால் எப்படியிருக்கும்? கணக்கெழுதிப் பிழைக்கும் எம்மைப் போன்றோருக்கு இது நன்றாகவே உறைக்கிறது.

சந்திரசேகர் 1936இல் லலிதாவை மணந்தார். 1937இல் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1939இல் விண்மீன்களின் அமைப்புப் பற்றி நூலொன்றை வெளியிட்டுவிட்டு வேறு துறைக்குத் திரும்பினார். நியூத்திரன் விண்மீன்களும் கருந்துளைகளும் மெய்யென்று உலகம் ஏற்கப் பல்லாண்டுகள் சென்றன. 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. 1995 ஓகஸ்ட் 21இல் சிக்காகோவில் மறைந்தார்.

எடிங்டனுடன் அவர் நட்பை முறிக்கவில்லை. 1982இல் கேம்பிரிட்ஜில் எடிங்டன் நூற்றாண்டு நினைவுச் சொற்பொழிவுகளை நிகழ்த்தி, அக்காலத்தின் தலைசிறந்த வான்பௌதிகர் என்று அவரைப் போற்றியவரும் சந்திரசேகரே.