குண்டுவீச்சு விமானத்திலிருந்து இறங்கி வந்த கதாநாயகன்

யுத்தம் முடிந்து நாலைந்து வருடங்களின் பின்னர், ஒரு நத்தார் நாளில்தான் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். வவுனியாவில் சின்னம்மா வீட்டில் அவரது மகன் கணினியில் போட்டுக் காட்டினான். 1946இல் வெளிவந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம், 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. ஆங்கில வசனங்கள் எனக்குப் பாதிதான் விளங்கின. ஆனால், ஒரு காட்சிக்கு மொழி தேவைப்படவில்லை. எல்லாம் கைவிட்டுப்போன ஒரு மனிதன் மதுச்சாலையில் இருந்து, தனக்குள்ளேயே கடவுளிடம் வழி கேட்கிறான். கேட்கும்போதே உடைந்து அழுகிறான். அது எனக்கு நடிப்பாகத் தெரியவில்லை. எங்கள் மாமாவின் முகத்தில் நான் கண்ட அதே முகம். மாமா கடைசி நாட்களில் மகனைத் தொலைத்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்.

அந்த நடிகர் யாரென்று தேடினேன். ஜேம்ஸ் ஸ்டுவர்ட். ஹொலிவூட்டின் பொற்காலத்துக் கதாநாயகர்களில் முன்வரிசையில் இருந்தவர். அடுத்த வரியிலேயே இன்னொன்றும் இருந்தது: இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானி. அதை வாசித்ததும் கணினியை மூடிவிட்டேன். பதுங்குகுழிக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவர்களுக்கு அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மேலே இருந்தவனின் கண்ணீருக்கு நான் ஏன் கரைய வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் அந்த முகம் என்னை விடவில்லை. சில மாதங்களின் பின்னர் அவரது வாழ்க்கையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

ஸ்டுவர்ட் 1908 மே 20ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இந்தியானா என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தகப்பன் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், தாய் பியானோ வாசிப்பவர். மகன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1932இல் பட்டம் பெற்றார். அது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தக் காலம். வீடு கட்டுவாரும் இல்லை, கட்டடக் கலைஞருக்கு வேலையும் இல்லை. பல்கலைக்கழக நண்பர்களோடு நாடகத்தில் இறங்கினார். நியூயோர்க்கில் ஹென்றி ஃபொண்டாவும் அவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த நட்பு ஃபொண்டா 1982இல் இறக்கும்வரை நீடித்தது.

1935இல் எம்.ஜி.எம். நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அக்காலக் கதாநாயகர்களுக்குரிய தோற்றம் அவருக்கு இருக்கவில்லை. நெட்டையான, மெலிந்த உடம்பு. இழுத்து இழுத்து, தயங்கித் தயங்கிப் பேசும் பேச்சு. அந்தத் தயக்கமே அவரது பலமாயிற்று. பக்கத்து வீட்டுப் பொடியன் பேசுவதைப் போலச் சனங்கள் அவரைக் கேட்டார்கள். 1939இல் நெறியாளர் ஃபிராங் கப்ராவின் 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வொஷிங்டன்' படத்தில், ஊழல் நிறைந்த செனட் சபையில் தொண்டை கிழியும்வரை தனித்து நின்று பேசும் இளம் உறுப்பினராக நடித்தார். 'த ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' படத்துக்காக 1941 பெப்ரவரியில் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். தகப்பன் அந்தச் சிலையை வாங்கித் தன் கடைக் கண்ணாடிக்குள் வைத்தார். பல வருடங்கள் ஆணிகளுக்கும் சுத்தியல்களுக்கும் நடுவில் அது அங்கேயே இருந்தது.

விருது கிடைத்து ஒரு மாதம் ஆவதற்குள், மார்ச் 22ஆம் திகதி, ஸ்டுவர்ட் சாதாரணச் சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவே இல்லை. முதல் தடவை எடை போதாதென்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். விட்டிருக்கலாம். ஆனால், அவர் உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பப் போனார். பெரிய சம்பளம் வாங்கிய நட்சத்திரத்துக்கு மாதம் 21 டொலர் சம்பளம். ஏற்கனவே சொந்தமாக விமானம் ஓட்டப் பழகியிருந்ததால் விமானப்படைப் பிரிவுக்குப் போனார். பெயர் பெற்ற நடிகரை ஆபத்தில்லாத இடத்தில் வைத்திருக்கத்தான் மேலிடம் விரும்பியது. மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சண்டைக்கு அனுப்பும்படி அவரே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

1943 நவம்பரில் 445ஆவது குண்டுவீச்சு அணியின் ஒரு பிரிவுக்குத் தளபதியாக இங்கிலாந்தின் டிபென்ஹாம் தளத்தில் போய் இறங்கினார். புறப்படும்போது தகப்பன் ஒரு கடிதத்தையும், 91ஆம் சங்கீதம் எழுதிய தாளையும் உறையிலிட்டு அவரிடம் கொடுத்தார். அதை அவர் சட்டைப்பையில் வைத்திருந்தார். எங்கள் அம்மாக்கள் முடிந்து கொடுத்த திருநீற்றுப் பொட்டலங்களும், கழுத்தில் போட்ட செபமாலைகளும் எனக்கு நினைவுக்கு வந்தன. பயம் எல்லா வீட்டிலும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கிறது.

அவர் ஓட்டியது பி-24 லிபரேட்டர். ஒரு விமானத்தில் பத்துப் பேர் வரை போவார்கள். 1943 டிசெம்பரில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தின் மீதான தாக்குதல் அவரது முதலாவது பறப்பு. 1944 பெப்ரவரி 24ஆம் திகதி அவரது அணி கோதா நகரத்துக்கு அனுப்பிய 25 விமானங்களில் 13 திரும்பவில்லை. அன்று அவர் போகவில்லை. தன்னோடு சாப்பிட்டவர்களின் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்த அந்த இரவு கழிந்து, மறுநாள் காலை ஃபூர்த் நகரை நோக்கி அவர் புறப்பட்டார். தரையிலிருந்து சுட்ட குண்டொன்று விமானத்தின் அடிவயிற்றில் வெடித்து, அவரது காலடியில் ஓட்டை போட்டது. ஓட்டைக்குக் கீழே ஜெர்மனி தெரிய, உறைபனிக் குளிரில் விமானத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தரையைத் தொட்டதும் விமானம் வெடித்துப் பிளந்தது. அடுத்த மாதம் பெர்லின் மீதான தாக்குதலில் அவர் முன்னணி விமானத்தில் இருந்தார்.

இவ்விடத்தில் நான் கீழே இருந்தவர்களையும் எண்ண வேண்டியிருக்கிறது. அமெரிக்க விமானங்கள் பகலில், தொழிற்சாலைகளையும் புகையிரதப் பாதைகளையும் குறிவைத்துத்தான் போயின. ஆனால், முகிலுக்கு மேலிருந்து விழும் குண்டுக்குத் தொழிற்சாலை எது, வீடு எது என்று தெரியாது. நேசநாடுகளின் குண்டுவீச்சில் ஜெர்மனியில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பொதுமக்கள் இறந்தார்கள். ஹிட்லரின் ஆட்சியை வீழ்த்த வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், நிலவறைக்குள் மூச்சடைத்துச் செத்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி விளங்கியிருக்காது.

உத்தியோகபூர்வமாக 20 தாக்குதல் பறப்புகள். அதற்குப் பிறகு இன்னோர் அணிக்கு நடவடிக்கை அதிகாரியாக மாற்றப்பட்டார். அந்தப் பதவியில் அவர் பறந்ததை விட, பொடியங்களை அனுப்பிவிட்டு எண்ணிக்கொண்டு நின்றதே அதிகம். அவரது நரம்பு அப்போது தளர்ந்துபோயிருந்தது என்று பின்னாளில் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். சிப்பாயாகச் சேர்ந்து நாலே வருடத்தில் கேணலாகி, 1945 இலையுதிர் காலத்தில் ஊர் திரும்பினார். வயது 37. முகம் அதைவிட முதிர்ந்திருந்தது.

திரும்பி வந்தவருக்கு வேலை இல்லை. எம்.ஜி.எம். ஒப்பந்தம் முடிந்திருந்தது. கொஞ்சக் காலம் ஃபொண்டாவின் வீட்டில் தங்கினார். ஃபொண்டாவும் கடற்படையிலிருந்து திரும்பியவர். இருவரும் சேர்ந்து பட்டம் கட்டி ஏற்றினார்கள். கண்டதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதாக எங்கும் நான் வாசிக்கவில்லை. அப்போதுதான் கப்ரா வந்து 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' கதையைச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையில் ஸ்டுவர்ட் போருக்குப் போக முடியாதவர். ஒரு காது கேளாததால் ஊரிலேயே நின்றுவிடுகிறார். விமானியாகிப் பதக்கம் வாங்குவது கதையில் வரும் தம்பி. கூத்தாடுவது ஒரு ஆண்பிள்ளைக்கு உரிய தொழிலா என்ற சந்தேகம் படப்பிடிப்பின்போது ஸ்டுவர்ட்டுக்கு வந்தது. கூட நடித்த மூத்த நடிகர் லயனல் பரிமோர்தான் அவரைத் தேற்றினார்.

மதுச்சாலைக் காட்சியில் கண்ணீர் வருவதாக ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. வசனத்தைச் சொல்லும்போது அவர் தன்னையறியாமல் அழுதார். கமரா தூரத்தில் இருந்தது. திரும்ப ஒருமுறை அப்படி அழ அவரால் முடியாதென்று கப்ராவுக்குத் தெரிந்தது. ஆகவே, எடுத்த படச்சுருளையே ஆய்வுகூடத்தில் வைத்துப் பெரிதாக்கி, முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். வவுனியாவில் நான் பார்த்தது, போர் முடிந்து ஒரு வருடமான ஒருவர் தன்னை மீறி உடைந்த அந்தக் கணத்தை.

படம் அன்று போட்ட காசை எடுக்கவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். தொலைக்காட்சி நிலையங்கள் காசில்லாமல் ஒவ்வொரு நத்தாருக்கும் போடத் தொடங்க, அது அமெரிக்காவின் குடும்பப் படமாயிற்று.

போருக்கு முன்னைய அப்பாவிப் பொடியன் பிறகு திரையில் திரும்பி வரவே இல்லை. நெறியாளர் அன்டனி மான் எடுத்த 'வின்செஸ்டர் 73', 'த நேக்கட் ஸ்பேர்' போன்ற படங்களில் அவர் கோபமும் வஞ்சமும் நிறைந்த மனிதர். ஹிட்ச்கொக்கின் 'ரியர் விண்டோ'வில் கால் முறிந்து யன்னலோரம் கிடந்து மற்றவர் வாழ்க்கையை வேவு பார்ப்பவர். 'வேர்ட்டிகோ'வில் உயரத்துக்குப் பயந்தவர், இறந்தவளை மறக்க முடியாமல் மனம் பேதலிப்பவர். 'வின்செஸ்டர் 73'க்குச் சம்பளத்துக்குப் பதிலாக இலாபத்தில் பங்கு கேட்டு வாங்கினார். கம்பனிகளின் பிடி தளரவும் நடிகர்களின் கை ஓங்கவும் அந்த ஒப்பந்தம் வழிகாட்டியது.

தனது போர்ச் சேவையைப் பட விளம்பரங்களுக்குப் பயன்படுத்த அவர் விடவில்லை. 1973இல் 'த வேர்ல்ட் அட் வோர்' என்ற பிரித்தானிய ஆவணத்தொடரில் பேசியபோதும், திரையில் அவரை ஒரு விமானப் பிரிவுத் தளபதி என்று மட்டுமே குறிப்பிட்டார்கள். உலகமறிந்த நடிகர் என்று ஒரு சொல்லும் இல்லை. பதக்கங்களைக் காட்டி வாக்குக் கேட்பவர்களையும், எங்கள் சாவுகளை மேடையில் விற்பவர்களையும் பார்த்துச் சலித்த எனக்கு, அவரை மதிக்கக் கிடைத்த முதல் காரணம் இதுதான்.

ஆனால், அவரைச் சமாதானத்தின் மனிதராக நான் வரைந்துவிடக் கூடாது. விமானப்படையின் ஒதுக்குப் படையில் அவர் தொடர்ந்தார். 1957இல் செனட் சபை அவரது பதவி உயர்வை நிராகரித்தது. இரண்டு வருடங்களின் பின்னர் பிரிகேடியர் ஜெனரலானார். 1966 பெப்ரவரியில், வியட்நாமில் குண்டு போடச் சென்ற பி-52 விமானமொன்றில் பார்வையாளராகப் பறந்தார். பழமைவாத அரசியலில் ஊறியவர், ரீகனின் நண்பர். ஃபொண்டா அதற்கு நேரெதிர். நட்பைக் காக்க இருவரும் அரசியல் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

1949இல் அவர் மணந்த குளோரியாவுக்கு முதல் திருமணத்தில் இரண்டு மகன்கள். இருவரையும் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். பிறகு இரட்டைப் பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்த மகன் கடற்படைக் காலாட்பிரிவில் லெப்டினன்ட். 1969 ஜூன் 8ஆம் திகதி, 24ஆவது வயதில், வியட்நாமில் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகும் ஸ்டுவர்ட் அந்தப் போரைக் குறை சொல்லவில்லை. மகன் வீணாகச் செத்தான் என்று ஒப்புக்கொள்ள அவரால் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். எத்தனையோ வீடுகளில் இதே இடத்தில் பேச்சு நின்றுபோவதை நான் கண்டிருக்கிறேன்.

1985இல் சிறப்பு ஒஸ்காரும் நாட்டின் அதியுயர் குடிசார் பதக்கமும் கிடைத்தன. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் பூசுவதைப் பகிரங்கமாக எதிர்த்தார். 1994இல் குளோரியா இறந்த பிறகு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார். 1997 ஜூலை 2ஆம் திகதி, 89ஆவது வயதில், பெவர்லி ஹில்ஸ் வீட்டில் காலமானார்.

சென்ற நத்தாருக்கு அந்தப் படத்தைத் திரும்பவும் போட்டோம். இம்முறை மாமாவும் வந்திருந்தார். மதுச்சாலைக் காட்சியில் அவர் எழும்பிப் போகவில்லை. படம் முடிந்ததும் இந்த நடிகர் யாரென்று கேட்டார். குண்டு போட்டவர் என்பதையும் மறைக்காமல், முழுவதையும் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கனநேரம் கழித்து, அந்த மகனின் உடல் வீட்டுக்கு வந்ததா என்று மட்டும் கேட்டார்.

வந்தது என்றேன். மாமா தலையாட்டிவிட்டு முற்றத்துக்குப் போனார்.