ஷீல்டு ஒயரின் தாத்தா ஆலிவர் ஹெவிசைடு



போன வருஷம் விடுதி விழாவுக்கு மைக் ஒயர் செய்தது நான்தான். காசு மிச்சமாகட்டும் என்று இரண்டு சாதா ஒயரை முறுக்கி, இரு முனையிலும் பின் வைத்து சால்டர் பண்ணினேன். வரவேற்புரை தொடங்கியதும் பேச்சை விட 'ம்ம்ம்...' என்ற இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. என் முகத்தில் ஈயாடவில்லை!

மறுநாள் லேப் சார் ஒரு ஷீல்டு ஒயரை உரித்துக் காட்டினார். நடுவில் ஒரு கம்பி, அதற்கு மேல் உறை, உறையைச் சுற்றி செம்பு வலை. நடுக்கம்பி சிக்னலுக்கு, வலை கிரவுண்டுக்கு. பக்கத்தில் ஓடும் கரண்ட் ஒயரின் தொல்லை வலையோடு நின்றுவிடும். வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் பற்றவைத்து, மல்டிமீட்டரில் சோதித்தேன். இரைச்சல் போயே போச்சு!

இந்த யோசனையின் வேரைத் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் ஆலிவர் ஹெவிசைடு. பக்கத்து லைனின் தொல்லை தாக்காதபடி, ஒரு கம்பியைச் சுற்றி இன்னொரு கடத்தியைக் குழாய் போல வைக்கும் அமைப்புக்கு 1880-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர். நாம் கோஆக்சியல் கேபிள் என்கிறோமே, அதுதான்.

1850 மே 18-ல் லண்டன் கேம்டன் டவுனில் பிறந்தார். அப்பா மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. வீட்டில் வறுமை. சின்ன வயதில் வந்த விஷக்காய்ச்சலால் காது சரியாகக் கேட்காது. பதினாறு வயதோடு படிப்பு நின்றது. தந்தி ஆபரேட்டர் வேலை கிடைத்து டென்மார்க் போனார், பிறகு நியூகாசில். 1874-ல், 24 வயதில், அந்த வேலையையும் விட்டார். அதன்பின் சாகும்வரை எந்த உத்தியோகமும் பார்க்கவில்லை.

சும்மா இருந்தாரா? இல்லை! வீட்டில் ஓர் அறையில் உட்கார்ந்து மேக்ஸ்வெல்லின் பெரிய மின்காந்தப் புத்தகத்தைத் தானாகவே படித்தார். அதற்குத் தேவையான கணக்கையும் தானே கற்றார். அதிலிருந்த இருபது சமன்பாடுகளைச் சுருக்கி, இன்று நாம் படிக்கும் நான்காக்கிக் கொடுத்ததில் பெரும் பங்கு இவருடையது. இம்பிடன்ஸ், இண்டக்டன்ஸ் என்று பரீட்சைக்கு உருப்போடுகிறோமே, அந்தச் சொற்களை 1886-ல் உண்டாக்கியவரும் இவரே.

நீண்ட டெலிபோன் லைனில் பேச்சு ஏன் குழறுகிறது என்றும் கண்டுபிடித்தார். ஆர்-ஐ எல்-ஆல் வகுத்தால் வருவதும், ஜி-யை சி-யால் வகுத்தால் வருவதும் சமமானால் குழறாது. அதற்கு லைனில் இண்டக்டன்ஸைக் கூட்ட வேண்டும். ஆனால் தபால் துறையில் பெரிய பதவியிலிருந்த வில்லியம் பிரீஸ், இண்டக்டன்ஸ் கெடுதல் என்ற கட்சி. 1887-ல் ஹெவிசைடின் கட்டுரை வெளிவராமல் தடுத்தார். பட்டம் இல்லாத, வேலையில் இல்லாத ஆளின் பேச்சு யாருக்கு வேண்டும்? கடைசியில் அமெரிக்காவில் பூபின் என்ற பேராசிரியர், லைனில் காயில் வைக்கும் முறைக்கு 1900-ல் காப்புரிமை வாங்கிப் பெரும் பணம் பார்த்தார். ஹெவிசைடுக்கு அதில் ஒன்றும் இல்லை.

மரியாதை வராமல் போகவில்லை. 1891-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது. 1922-ல் முதல் ஃபாரடே பதக்கம் இவருக்கே கிடைத்தது. ஆனாலும் கடைசிக் காலத்தில் வறுமை, தனிமை, யாரோடும் ஒத்துப்போகாத குணம். 1925 பிப்ரவரி 3-ல் டார்க்கீயில் காலமானார்.

எங்க வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். வெறும் டிப்ளமோதானே என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது மனசு சுருங்கும். இப்போது அப்படி இல்லை. அந்தத் தனிமை நமக்கு வேண்டாம், நண்பர்களே. அந்தப் பிடிவாதம் வேண்டும். அடுத்த முறை ஷீல்டு ஒயரை உரிக்கும்போது, வேலையில்லாமல் ஓர் அறையில் கணக்குப் போட்ட அந்த மனுஷனை ஒரு நிமிஷம் நினையுங்கள். அப்புறம் சால்டரிங் அயர்னைக் கையில் எடுங்கள்!