மின்வண்டி கண்ட கொல்லர்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வடகிழக்குப் பகுதியில், மலையும் காடும் செறிந்த வெர்மாண்ட் மாகாணத்தில், பிராண்டன் என்றோர் ஊர் உளது. அவ்வூரில் உலைக்களம் அமைத்து இரும்படித்துப் பிழைத்து வந்த கொல்லர் ஒருவர், 1835-ஆம் ஆண்டில் வட்டமாக வளைத்த சிறு பாதையொன்றின் மீது ஒரு சிறிய வண்டியை ஓட்டிக் காட்டினார். அவ்வண்டிக்குக் குதிரையில்லை, கொதிகலனும் இல்லை, புகையும் இல்லை. திராவகத்தில் தோய்ந்த உலோகத் தகடுகளாலாகிய பாட்டரியிலிருந்து பிறந்த மின்சாரமே அதனை இழுத்தது. கண்டவர் சிலர் வியந்தனர், பலர் நகைத்தனர். அக்கொல்லரின் பெயர் தாமஸ் டேவன்போர்ட். விஞ்ஞான நூல்களில் அவர் பெயர் இரண்டொரு வரியில் முடிந்துவிடுகிறது. அவருடைய சரிதமோ இரண்டொரு வரியில் முடியத் தக்கதன்று.

டேவன்போர்ட் 1802-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி வில்லியம்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிள்ளைகள் மிகுந்த குடும்பம். அவருக்குப் பத்து வயதாயிருக்கையிலேயே தந்தையார் இறந்தனர். பதினான்காம் வயதில் ஒரு கொல்லரிடம் தொழில் பழக ஒப்படைக்கப்பட்டார். பள்ளியிற் கற்றது சொற்பமே. தொழிற்பயிற்சி முடிந்தபின் பிராண்டனுக்கு வந்து, சொந்தமாக உலை வைத்து, எமிலி காஸ் என்னும் நங்கையை மணந்து இல்லறம் நடத்தலானார். முப்பது வயது வரையில் அவர் வாழ்வில் எழுதுதற்குரிய செய்தி வேறில்லை எனலாம். தொழில் நன்றாகவே நடந்தது. அந்நிலையிலேயே அவர் இருந்திருப்பாராயின் கடனின்றி வாழ்ந்து, ஊரார் மதிப்பைப் பெற்று முதுமையடைந்திருப்பார்.

சாம்ப்ளேன் ஏரிக்கு அப்பால், நியூயார்க் மாகாணத்துக் கிரவுன் பாயிண்ட் என்னுமிடத்தில் பென்பீல்டு என்பாரின் இரும்புத் தொழிற்சாலை இருந்தது. அங்கே இரும்புத் தாதுவை மண்ணினின்று பிரித்தெடுப்பதற்குக் காந்தமேற்றிய முட்கள் பதித்த உருளைகளைப் பயன்படுத்தினர். அம்முட்களுக்குக் காந்தசக்தி ஊட்டும்பொருட்டு, பேராசிரியர் ஜோசப் ஹென்றி வகுத்த முறையில் அமைந்த மின்காந்தம் ஒன்றினை வாங்கி வைத்திருந்தனர். கையில் தூக்கத்தக்க அச்சிறு கருவி, ஒரு கொல்லனின் பட்டறைக்கல்லையே தூக்கி நிறுத்தும் என்ற செய்தி டேவன்போர்ட்டின் செவிக்கு எட்டியது. நாள்தோறும் பட்டறைக்கல்லின் எடையை உணர்ந்தவர்க்கன்றோ அச்செய்தியின் பொருள் விளங்கும்!

1833-ஆம் ஆண்டில் அவர் அவ்விடஞ் சென்று அதனைக் கண்ணாரக் கண்டார். கம்பியை இணைத்தால் காந்தம் எழுகிறது, துண்டித்தால் மறைகிறது. இவ்வாறு எழுந்து மறையும் சக்தியை ஒரு சக்கரத்தைச் சுழற்றுமாறு ஏவ முடியாதா என்னும் எண்ணம் அப்பொழுதே அவருள்ளத்திற் குடிபுகுந்தது. அக்காந்தத்தை விலைக்கு வாங்கியே தீர்வதென்று துணிந்தார். கையிலிருந்த பணம் போதவில்லை. அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் தம் நல்ல குதிரையை ஒரு மட்டமான குதிரைக்கு மாற்றி, மேற்கொண்டு கிடைத்த தொகையைக் கொடுத்துதவினார் என்பர்.

வீட்டிற்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, அத்துணை விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பிரித்துப் போட்டதுதான். அவர் ஒவ்வொரு சுற்றாகக் கம்பியை அவிழ்க்க, எமிலி அம்மையார் அருகிலமர்ந்து, சுற்றுக்களின் எண்ணையும் முறையையும் வரிசை தவறாது குறித்துக்கொண்டார். பின்னர் டேவன்போர்ட் தம் உலையிலேயே குதிரை லாட வடிவில் இரும்பைக் காய்ச்சி வளைத்துப் புதிய காந்தம் செய்யத் தொடங்கினார். ஆனால் ஒரு தடை நேர்ந்தது. சுற்றுக் கம்பிகள் ஒன்றோடொன்று தொடுமாயின் மின்சாரம் குறுக்கு வழியிற் பாய்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றையும் மின்கடவாத பொருளால் மூடல் வேண்டும். உறையிட்ட கம்பி கடையிற் கிடைக்கும் காலமன்று அது. பட்டுத் துணியே ஏற்றது. பட்டு வாங்கப் பணமில்லை. எமிலி அம்மையார் தம்முடைய கலியாணப் பட்டாடையை எடுத்து நாடாக்களாகக் கிழித்துக் கொடுத்தார். இச்செய்தியைப் பலரும் ஒரு வேடிக்கைக் கதைபோலச் சொல்லிக் கடந்து போகின்றனர். எமக்கோ அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஒரு வறிய கொல்லரின் மனைவியிடம் இருந்த பட்டாடை எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்த ஓராண்டு முழுதும் உலைவேலை பின்தள்ளப்பட்டது. ஸ்மாலி என்னும் துணைவரும் உடனிருந்து உழைத்தார். இவ்விடத்தில் அவர்கள் எதிர்ப்பட்ட சிக்கலைச் சற்று விளக்குதல் நலம். காந்தம் இரும்பை இழுக்கும், இழுத்தபின் விடாது. அச்சிற் பொருத்திய ஒரு காந்தம், வெளியே நிலையாக நிறுத்திய மற்றொரு காந்தத்தை நோக்கித் திரும்பும். நேர்க்கு நேர் வந்ததும் அங்கேயே நின்றுவிடும். நம் கல்லூரிப் பௌதிகச் சாலையில் காந்த ஊசியைக் கையாண்ட மாணவர் எவரும் இதனை அறிவர். சக்கரம் நில்லாது சுழல வேண்டுமாயின், இரண்டும் சந்திக்கும் அந்தக் கணத்திலேயே மின்னோட்டத்தின் திசையைத் திருப்பிவிடல் வேண்டும். அப்பொழுது இழுத்த துருவமே தள்ளும் துருவமாகும், அதற்கப்பாலுள்ளது இழுக்கும். இவ்வாறு திசை திருப்பும் வேலையைச் சுழலும் அச்சே தானாகச் செய்து கொள்ளுமாறு டேவன்போர்ட் அமைத்தார். இக்காலத்து மோட்டார்களில் செம்புத் துண்டுகளாலான திசைமாற்றி செய்யும் வேலை இதுவேயாகும். நான்கு மின்காந்தங்கள், அவற்றுள் இரண்டு நிலையானவை, இரண்டு சக்கரத்தோடு சுழல்பவை. 1834-ஆம் ஆண்டு ஜூலையில் அச்சக்கரம் நிமிஷத்திற்கு 30 சுற்றுச் சுழன்றது.

அக்காலத்தில் இவ்வெண்ணம் இவரொருவர்க்கே தோன்றியதெனல் பொருந்தாது. இங்கிலாந்தில் பாரடே 1821-லேயே மின்சாரத்தால் கம்பியைச் சுழலச் செய்திருந்தார். ஸ்டர்ஜன் 1825-இல் மின்காந்தம் அமைத்தார். ஐரோப்பாவில் ஜாகோபி என்னும் அறிஞரும் 1834-லேயே ஒரு மோட்டாரை இயக்கி, 1838-இல் நீவா நதியில் மின்சாரப் படகு செலுத்தினார். ஆயினும் அவர்கள் யாவரும் கற்றோர் கூட்டத்தில் வாழ்ந்தவர்கள். ஒருவர் கண்டது மற்றவர்க்கு எட்டும். ஏரிக்கரைக் கொல்லர்க்கு அவ்வசதி ஏது?

மோட்டார் சுழன்றதும், அதனை எவ்வேலையிற் பூட்டலாம் என்று ஆராய்ந்த டேவன்போர்ட் முதலில் எண்ணியது ரயில்வண்டியையே. அமெரிக்காவில் நீராவி வண்டிகள் அப்பொழுதுதான் ஓடத் தொடங்கியிருந்தன. கொதிகலன் வெடித்து மக்கள் மாண்ட செய்திகளும் வந்துகொண்டிருந்தன. நெருப்பில்லாத எஞ்சின் ஒன்று கிடைக்குமாயின் எத்துணை நன்மை! ஆகவே, மேலே கூறிய வட்டப் பாதையையும் சிறு வண்டியையும் அமைத்து, மாஸசூஸெட்ஸ் மாகாணத்து நகரங்களிற் கொண்டு காட்டினார். மிடில்பரி கல்லூரிப் பேராசிரியர் டர்னர் இவருடைய கருவியின் அருமையை உணர்ந்து, அரசாங்கத்தில் காப்புரிமைப் பத்திரம் பெறுமாறு தூண்டினார். டிராய் நகரத்தில் ரென்சீலர் கல்விச்சாலைப் பேராசிரியர் ஆமஸ் ஈட்டனும் ஆதரவு நல்கினார். கல்லூரிகள் ஒரு கொல்லர்க்குக் கதவு திறந்தன என்பதை நாம் ஈண்டு மகிழ்வோடு குறிக்கின்றோம்.

காப்புரிமை பெற்ற கதை துன்பக் கதை. வாஷிங்டனுக்கு முதன்முறை சென்ற பொழுது கைப்பணம் வழியிலேயே கரைந்து, விண்ணப்பமிடாமலே திரும்பினார். பின்னர் ரான்ஸம் குக் என்பார் கூட்டாளியாகச் சேர்ந்து பொருளுதவி செய்ய, மாதிரிக் கருவியொன்று செய்து அனுப்பப்பட்டது. 1836 டிசம்பர் 15-ஆம் தேதி காப்புரிமை அலுவலகம் தீப்பற்றி எரிந்தது. அங்கிருந்த பல்லாயிரம் மாதிரிகளோடு இதுவும் சாம்பலாயிற்று. மீண்டும் ஒன்று செய்தனர். 1837 பிப்ரவரி 25-ஆம் தேதி 132 என்னும் எண்ணுள்ள காப்புரிமை வழங்கப்பட்டது. மின்சார மோட்டாருக்கு அமெரிக்க அரசாங்கம் அளித்த முதற் காப்புரிமை அதுவே.

அதே ஆண்டில் அமெரிக்க வாணிகம் பெருவீழ்ச்சியுற்றது. வங்கிகள் கதவடைத்தன. புதிய முயற்சிக்குப் பணமிடுவார் எவருமிலர். நியூயார்க்கில் பங்குகள் விற்று நிதி திரட்டும் ஏற்பாடொன்று நடந்தது. திரண்ட நிதியிற் பெரும்பகுதி டேவன்போர்ட்டின் கைக்கு வந்து சேரவில்லை. ஆயினும் அவர் சோர்ந்திலர். 1840-இல் தம் மோட்டாரால் ஓர் அச்சியந்திரத்தை இயக்கி, மின்காந்தச் செய்திகளுக்கென்றே ஒரு பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டார். மின்சாரத்தால் அச்சிடப்பட்ட முதற் பத்திரிகை அதுவென்பர். பத்திரிகையோ நெடுநாள் வாழவில்லை.

பணமும் கூட்டாளிகளும் இவரைக் கைவிட்டமையே தோல்விக்குக் காரணமென்று சரிதம் எழுதுவோர் பலர் கூறுவர். அது பாதி உண்மையே என்பது எம் கருத்து. மற்றப் பாதி பாட்டரியில் இருந்தது. அக்காலத்துப் பாட்டரி துத்தநாகத்தைத் தின்று மின்சாரம் ஈனும், துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் புதுத் தகடு போடவேண்டும், திராவகமும் மாற்றவேண்டும். அதனை மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தும் வழியை எவரும் கண்டிலர். மான்செஸ்டர் நகரத்து ஜேம்ஸ் ஜூல் என்னும் இளைஞர் 1841-இல் கணக்கிட்டு, ஒரு இராத்தல் துத்தநாகம் செய்யும் வேலை, நல்ல நீராவி யந்திரத்தில் ஒரு இராத்தல் நிலக்கரி செய்யும் வேலையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே என்று காட்டினார். நிலக்கரியோ மலிவு; துத்தநாகம் அதனினும் பன்மடங்கு விலையுயர்ந்தது. மோட்டார் பழுதற அமைந்திருந்தும், அதற்கு இடும் உணவு கட்டுப்படியாகவில்லை.

ஸ்காட்லாந்து தேசத்தில் அபர்டீன் நகரத்து ராபர்ட் டேவிட்சன் 1842-இல் முழு அளவில் ஒரு பாட்டரி எஞ்சின் செய்து எடின்பரோ கிளாஸ்கோ பாதையில் ஓட்டினார். மணிக்கு 4 மைல், அஃதாவது மனிதன் விரைந்து நடக்கும் வேகம்! அமெரிக்காவிலோ சார்லஸ் பேஜ் என்பார்க்கு அரசாங்கமே 20,000 டாலர் வழங்கியது. பொதுப் பணத்தை இவ்வாறு செலவிடுதல் தகுமோ என்று, ஒரு காசும் பெறாத டேவன்போர்ட் முறையிட்டும் பயனில்லை. 1851 ஏப்ரல் 29-ஆம் தேதி பேஜின் எஞ்சின் வாஷிங்டனிலிருந்து பிளேடன்ஸ்பர்க் வரை சென்றது. மணிக்கு 19 மைல் வேகம் ஒருகால் எட்டியதாயினும், குலுக்கலில் பாட்டரியின் மண்கலங்கள் ஒவ்வொன்றாய் உடைந்தன. அதனோடு அம்முயற்சி நின்றது.

அதற்குள் டேவன்போர்ட் நோயுற்று, வெர்மாண்டுக்கே மீண்டு, சால்ஸ்பரி என்னும் ஊரில் ஒதுங்கியிருந்தார். அங்கும் அவர் கை சும்மாயிருக்கவில்லை. பியானோவின் தந்திகள் மீட்டியபின்னும் நெடிது ஒலிக்குமாறு மின்காந்தத்தால் அதிரச் செய்யும் முறையொன்றை ஆராய்ந்தார். 1851 ஜூலை 6-ஆம் தேதி, நாற்பத்தொன்பது வயது நிறைவதற்கு மூன்று நாள் இருக்கையில், உயிர் நீத்தார். பேஜின் வண்டி ஓடிய பத்தாவது வாரம் அது.

எட்டாண்டு கழித்து 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளான்டே மறுபடி மின்னேற்றத் தக்க ஈயப் பாட்டரியைக் கண்டார். டைனமோவும் நன்கு அமைந்தபின், 1879-இல் பெர்லின் கண்காட்சியில் சீமன்ஸ், பாட்டரியை அறவே விட்டு, நிலையான டைனமோவிலிருந்து தண்டவாளத்தின் வழியாக மின்சாரம் செலுத்திச் சிறு ரயில் ஓட்டினார். பெரிய ரயில்கள் அவ்வழியே சென்றன. விளையாட்டு ரயில்களும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. தண்டவாளமே மின்கம்பியாக, சக்கரமே மின்சாரத்தை ஏற்கும் வாயாக அமைந்தது.

வீட்டுக்குள் இவ்வேற்பாடு செவ்வையாக நடக்கும். வெளியில் வைத்தால் இடர்ப்பாடே. மேனாடுகளில் தோட்டத்தில் ரயில் விடுவோர் பலர். 1968-இல் ஜெர்மானியத் தொழிற்சாலை ஒன்று வெளியிட்ட 45 மில்லிமீட்டர் அகலப் பாதையே அவர்களுட் பெரிதும் வழங்குவது. மழையும் பனியும் பித்தளைத் தண்டவாளத்திற் களிம்பேற்றும், சருகும் மண்ணும் மூடும், இணைப்புக்கள் தளரும். வண்டி நடுவழியில் நிற்கும். ஒவ்வொரு நாளும் பாதையைத் தேய்த்துத் துலக்கிய பின்னரே ஓட்டல் கூடும். இத்தொல்லையால் அன்னார் பலர் இக்காலத்தில் டேவன்போர்ட்டின் பாட்டரிக்கே திரும்பியுள்ளனர். எஞ்சினைத் திறந்து, சக்கரத்திலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளைத் துண்டித்து விடுகின்றனர். 1991-இல் கடைக்கு வந்த லிதியம் அயனி வகைக் கலங்கள் நான்கினைத் தொடராக இணைத்து, ஏறக்குறைய 15 வோல்ட் பெறுகின்றனர். மிகையான ஓட்டத்தில் உருகிக் காக்கும் பியூசும், தொலைவிலிருந்தே வேகத்தை ஆளும் ரேடியோக் கருவியும் பூட்டுகின்றனர். தண்டவாளம் பின்னர் வெறும் பாதையே, துருப்பிடித்தாலும் கவலையில்லை. இரவில் மின்னேற்றினால் மறுநாள் மீண்டும் ஓடும்; கரைந்தொழியும் துத்தநாகச் செலவு இல்லை.

இக்கலங்களை வைக்க எஞ்சினுக்குள் இடம் போதாதாயின், நீராவி எஞ்சினைப் போலச் செய்த மாதிரியின் பின்னே தொடரும் கரிவண்டிக்குள் வைப்பர். மேலே நிலக்கரிக் குவியல்போற் செய்த மூடி. அதனைத் தூக்கினால் அடியில் பாட்டரி.