எண்ணுக்கு இடம் விட்ட நூலகர்

கணினித் துறையில் பயிலும் நான் நூலகர் ஒருவரின் வாழ்க்கையை எழுத வந்திருப்பது கழக நண்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கிறது.

விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களின் நடுவில் கெர்னல் என்னும் உட்கரு உண்டு. ஓடும் ஒவ்வொரு நிரலையும், நுழையும் ஒவ்வொரு பயனரையும் அது ஓர் அடையாள எண்ணை வைத்தே அறிகிறது. அந்த எண்ணுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது? பார்க்கச் சிறிய கேள்விதான். ஆனால் லினக்ஸ் முதலில் பயனர் எண்ணுக்கு 16 பிட் ஒதுக்கியது. 65,536 எண்களுக்கு மேல் கிடையாது. பெரிய நிறுவனங்களுக்கு அது பற்றாமல் போனது. 2001இல் வந்த 2.4 பதிப்பில்தான் அதை 32 பிட்டாக்கினார்கள். நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண் தீர்ந்துவிடும். அன்று அவை 1901ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போகும்! சிறியதாக வைத்தால் பின்னாளில் தொல்லை, பெரியதாக வைத்தால் இன்றைக்கு வீண்செலவு. இந்தப் பாடத்தை விரிவுரையில் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணினி என்பதே இல்லாத காலத்தில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர் அவர்.

அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் 1892 ஆகஸ்டு மாதம் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பேச்சில் திக்கல் இருந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் படித்து முதுகலைப் பட்டம் பெற்று, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று கணித ஆசிரியராகப் பணியாற்றினார். திக்கலை வென்று நல்லாசிரியர் என்று பெயரெடுத்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலகத்தின் மீது காதல் கொண்டு போனார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியர் சம்பளம் பற்றவில்லை, இந்த வேலையில் சம்பளம் கூடுதல். சேர்ந்த சில நாளிலேயே அந்தத் தனிமை பிடிக்காமல், பழைய வேலைக்கே போகிறேன் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். இலண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வாரும், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில், குரோய்டன் நகர நூலகர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வகைப்படுத்தலைக் கற்பித்தார். அப்போது மேல்நாடுகளில் பரவியிருந்தது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு. உலக அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போகும் முறை அது. எந்தப் பாடம் எங்கே என்பதை முதலிலேயே முடிவு செய்து, பட்டியல் போட்டு வைத்துவிட்டார்கள்.

இதன் விளைவை நான் சிறு வயதிலேயே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது அதன் பொருள் தெரியவில்லை. சுங்காயில் நான் படித்த தமிழ்ப்பள்ளியின் சின்ன நூல்நிலையத்தில் தமிழ்க் கதைப்புத்தகங்களின் முதுகில் 894.811 என்று ஒட்டியிருக்கும். இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது ஆங்கிலக் கதைகளில் வெறும் 823 என்றிருந்தது. டூயி இலக்கியத்துக்கு 800ஐக் கொடுத்தபோது ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று ஆளுக்கொரு பெரிய அறை ஒதுக்கினார். மிஞ்சிய உலக மொழிகளெல்லாம் 890 என்ற ஒரே அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டன. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள தமிழுக்கு ஆறு இலக்கம் எழுதினால்தான் வாசலையே தொட முடியும். கவிதையா நாவலா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நம் நாட்டின் தேசிய மொழியான மலாய்க்கும் இதே கதிதான். அதன் இலக்கியம் 899.28இல் கிடக்கிறது. டூயி கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல மாட்டேன். தன் கல்லூரி அலமாரியில் இருந்த புத்தகங்களுக்கேற்ப இடம் பிரித்தார். எண்ணின் அளவை முதலிலேயே முடிவு செய்கிறவர், யாருக்கு இடம் இருக்கும் யாருக்கு இருக்காது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்.

இலண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் ஒருநாள் அரங்கநாதன் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு நேரம் பாலம், ஒரு நேரம் வண்டி. அவருக்குப் பொறி தட்டியது. புத்தகத்துக்கு ஏன் ஆயத்த எண் கொடுக்க வேண்டும்? பொருள், இடம், காலம் என்று சிறு சிறு துண்டுகளுக்கு மட்டும் எண் கொடுத்துவிட்டு, தேவைப்படும்போது பூட்டிக்கொண்டால் போதாதா? பூட்டும் திருகாணியாக முக்காற்புள்ளி என்று நாம் சொல்லும் இரட்டைப் புள்ளியை வைத்தார். கோலன் பகுப்பு என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1925இல் நாடு திரும்பும் கப்பலில் இருந்த நூலகத்தையே இந்த முறையில் அடுக்கிப் பார்த்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அதன்பின் கணித வகுப்புக்குத் திரும்பும் பேச்சையே அவர் எடுக்கவில்லை. 1933இல் கோலன் பகுப்பு நூலாக வெளிவந்தது. அதில் இலக்கியத்துக்கு ஆங்கில எழுத்தான ஓ. தமிழுக்கு 31, ஆங்கிலத்துக்கு 111. ஆகவே தமிழ் இலக்கியம் ஓ31, ஆங்கில இலக்கியம் ஓ111. முதன்முறையாகத் தமிழின் எண் குட்டையாக இருந்தது!

ஆனால் என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று, எட்டு எட்டாக வளரும் அவருடைய எண் வரிசை. பொதுவாக 1 முதல் 9 வரை கொடுத்துவிட்டால் பத்தாவது ஆள் வரும்போது இடம் இல்லை. பாட்டி இருந்த தோட்டத்து லயத்தில் பன்னிரண்டாம் வீட்டுக்கும் பதின்மூன்றாம் வீட்டுக்கும் நடுவில் ஒரு வீடு எழுந்தபோது அதற்கு 12ஏ என்று எழுதினார்கள். அதுபோல ஒட்டுப்போட வேண்டியதுதான். அரங்கநாதன் என்ன செய்தார் என்றால், 1 முதல் 8 வரை மட்டும் பயன்படுத்தி, 9ஐ யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்தார். 9 வந்தால் இன்னும் இருக்கிறது, மேலே படி என்று பொருள். எட்டுக்குப் பிறகு 91, 92 என்று 98 வரை. அதன்பின் 991. இப்படியே முடிவில்லாமல் போகலாம், பழைய எண் ஒன்றையும் அழிக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணைத் தியாகம் செய்து எல்லையில்லாத இடத்தை வாங்கிவிட்டார்.

1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய யூடிஎஃப்-8 எழுத்துக் குறிமுறையும் இதே தந்திரந்தான். ஒவ்வொரு பைட்டிலும் சில பிட்டுகளை ஒதுக்கி, இன்னும் இருக்கிறது என்று சொல்ல வைத்தார்கள். அதனால்தான் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும் நம் ககரத்துக்கு மூன்று பைட்டும் ஆகின்றன. வளரும் எண்ணிலும் முதலில் வந்தவருக்கே குட்டை எண் என்பதை மறுக்க முடியாது.

அதற்கும் அரங்கநாதன் ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய இட அட்டவணையில் இந்தியா 44. ஆனால் 2 என்ற எண்ணுக்குத் தாய்நாடு என்று பொருள். சென்னை நூலகத்தில் 2 என்றால் இந்தியா. கோலாலம்பூரில் பயன்படுத்தினால் மலேசியா. அவரவருக்கு அவரவர் நாடு குட்டை எண்ணில் கிடைக்கும். லினக்ஸிலும் இன்று தனித்தனிக் கூண்டுக்குள் ஓடும் நிரல் தன்னை 1 என்றே எண்ணிக்கொள்ளும், வெளியே அதற்கு வேறு எண் இருக்கும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். துண்டு துண்டாகப் பூட்டிய எண் நீண்டுகொண்டே போகும். மெலிந்த புத்தகத்தின் முதுகில் ஒட்ட இடமிருக்காது. எந்தக் குறி முன்னால், எந்தக் குறி பின்னால் என்று அடுக்கும் பணியாளர் மனப்பாடம் செய்ய வேண்டும். போதாக்குறைக்கு அவர் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1939, 1950, 1952, 1957, 1960 என்று பதிப்புகள் மாறின. ஏற்கெனவே எண் ஒட்டிய நூலகர்கள் என்ன செய்வார்கள்? வளர்ச்சிக்கு இடம் விட்டவரே நிலைத்திருக்க விடவில்லை என்பது என் வருத்தம். வெளிநாடுகளில் இம்முறை பரவவில்லை. இந்தியாவிலும் டூயிதான் வென்றார். கெர்னல் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் நிலையான அளவையே எடுக்கிறார்கள். செயலி ஒரே அடியில் 32 அல்லது 64 பிட்டைத் தூக்கிவிடும், வளரும் எண்ணை நின்று நின்று படிக்க அதற்கு நேரமில்லை. அது சரியென்றே எனக்கும் படுகிறது. ஆனால் எழுத்து, புத்தகம் போல மனிதர் படைப்பது எதுவானாலும் அரங்கநாதன் பக்கம்தான் நான்.

எண்ணோடு அவர் நின்றுவிடவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்நின்றார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவற்றில் நான்காவது. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னையில் நிறைவேறியதற்கு அவர் உழைப்பே காரணம். 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய், சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைத் தாமே வகைப்படுத்தினார். பிறகு டில்லி, சூரிக், 1962இல் பெங்களூரில் ஆவணமாக்கப் பயிற்சி மையம். கணித மேதை இராமானுஜனைப் பற்றி 1967இல் ஒரு நூலும் எழுதினார். சம்பளத்துக்காக நூலகத்துக்கு வந்த மனிதர், தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலகவியல் இருக்கை அமைத்தார்.

1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பை அப்போதும் திருத்திக்கொண்டிருந்தார். அது கோபிநாத் என்ற அவர் மாணவரின் கையால் 1987இல்தான் வெளிவந்தது.