மடாதிபதி புனித ஆசீர்வாதப்பர்

மாணவர்களே, மேற்குத் திருச்சபையில் துறவு மடங்களின் தந்தை எனப் போற்றப்படுபவர் புனித ஆசீர்வாதப்பர். பெனடிக்ற் என்னும் இலத்தீன் வழிப்பெயரின் பொருளே தமிழில் இவ்வாறு வழங்குகின்றது. இவர் கி.பி. 480 அளவில் இத்தாலியின் நூர்சியாவிற் பிறந்தார். கல்விக்காக உரோமைக்குச் சென்றவர், அங்கு நிலவிய ஒழுக்கக்கேட்டை வெறுத்துப் படிப்பை இடைநடுவில் விட்டு, சுபியாக்கோ குகையொன்றில் மூன்று வருடங்கள் தனித்து வாழ்ந்தார்.

அயலிலுள்ள மடமொன்றின் தலைவர் இறந்தபோது, அங்கிருந்த துறவிகள் இவரை வற்புறுத்தித் தலைவராக்கினர். அழைத்தவர்களுக்கே இவருடைய கண்டிப்புப் பொறுக்கவில்லை. திராட்சை இரசத்தில் நஞ்சைக் கலந்தனர். இவர் சிலுவை அடையாளமிட்டதும் கிண்ணம் உடைந்தது எனப் பாப்பரசர் முதலாம் கிறகோரியார் எழுதியுள்ளார். எவரையும் தண்டியாது இவர் குகைக்கே திரும்பினார்.

பின்னர் சீடர்கள் பெருகவே, மடத்துக்கு 12 பேராக 12 மடங்களை நிறுவினார். 529 அளவில் மொன்டே கசினோ மலையில் புதிய மடமொன்றை அமைத்தார். அங்கு எழுதிய ஒழுங்கு விதி 73 அதிகாரங்களைக் கொண்டது. அந்த எண்ணை மட்டும் மனனம் செய்துவிட்டுப் பரீட்சைக்குப் போகாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள்.

நஞ்சுக் கிண்ணத்தைக் கண்டவர் முன்னரிலும் கடுமையான விதிகளை எழுதியிருப்பார் என நீங்கள் நினைக்கலாம். அப்படி நடக்கவில்லை. மடாதிபதியைத் துறவிகளே தெரிவு செய்வர். முக்கிய விடயங்களில் அவர் எல்லோரையும் கூட்டி, வயதில் இளையவரின் கருத்தையும் கேட்கவேண்டும். முடிவெடுப்பது அவரே, ஆனால் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொருவருக்காகவும் கடவுளிடம் கணக்குக் கொடுக்கவேண்டியவரும் அவரே. குற்றம் செய்தவரைத் திருத்தும்போது, கறளை அளவுமீறிச் சுரண்டிப் பாத்திரத்தையே உடைத்துவிடக்கூடாது எனவும் அவரை எச்சரித்தார்.

மடத்தில் எவருக்கும் சொந்தப் பொருள் கிடையாது, எழுதுகோல்கூட இல்லை. சமையலறை வேலை வாரமுறைப்படி மாறும். செபம், வாசிப்பு, கைவேலை ஆகிய மூன்றுக்கும் நேரம் வகுக்கப்பட்டது. நோயாளருக்கே முதற் கவனிப்பு. வரிசையில் யார் முன் நிற்பது? பிறந்த திகதியல்ல, மடத்திற் சேர்ந்த திகதியே பொதுவாக அதைத் தீர்மானித்தது. அடிமைகளை வைத்திருந்த அக்காலச் சமூகத்தில், அடிமையாயிருந்தவரைவிடச் சுதந்திரராய்ப் பிறந்தவர் அப்பிறப்பின் காரணமாக உயர்ந்தவரல்லர் என எழுதியது சிறு விடயமன்று.

547 அளவில் இறந்த இவர், சகோதரி புனித ஸ்கொலஸ்திக்காவுடன் மொன்டே கசினோவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1944இல் குண்டுவீச்சில் தகர்ந்த அம்மடம் மீளக் கட்டப்பட்டது. 1964இல் பாப்பரசர் ஆறாம் பவுல் இவரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். இவருடைய ஒழுங்கைப் பின்பற்றும் சில்வெஸ்திரியன் துறவிகள் 1845இல் இலங்கைக்கு வந்தனர்.