வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கும் அண்ணாமலையார்

மாசி மகத்துக்காகத் திருவண்ணாமலை செல்லும் அடுகோடித் தமிழர்கள் அங்கே ஓர் அரிய காட்சியைக் காணலாம். அன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்தில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளுகிறார். மகன் முறையில் ஒரு மன்னருக்குத் திதி கொடுக்கிறார். அந்த மன்னர்தான் வல்லாள மகாராஜா.

அவர் இந்தப் பெங்களூர் மண்ணையும் ஆண்டவர் என்பது பலருக்குத் தெரியாது. வரலாற்றில் அவர் பெயர் மூன்றாம் வீர வல்லாளர். ஒய்சாள குலத்தின் கடைசிப் பெருமன்னர்.

இரண்டுபட்ட குடும்பம்

வல்லாளரின் பாட்டனார் சோமேசுவரர், ஸ்ரீரங்கத்துக்கு அருகே உள்ள கண்ணனூரில் தங்கி ஆட்சி செய்தவர். அவருக்கு இரு மனைவியர் வழியே இரு புதல்வர்கள். மூன்றாம் நரசிம்மர் துவாரசமுத்திரத்தில் (இன்றைய ஹளேபீடு) இருந்து ஆண்டார். இராமநாதர் தமிழகப் பகுதியைப் பெற்றார். பெங்களூர் வட்டாரமும் அவர் பங்கில் இருந்தது. பாண்டியர் கை ஓங்கியபின் இராமநாதர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாணிக்கு வந்துவிட்டார்.

டொம்லூர் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் ஒய்சாளர் காலத்தை நினைவூட்டுகின்றன.

சகோதரர்களின் பகை ஓயவில்லை. நரசிம்மரின் மகன் வல்லாளர் 1292-ல் பட்டம் ஏற்றார். இராமநாதரும் அவர் மகன் விசுவநாதரும் மறைந்தபின், 1300 வாக்கில் இரு பகுதிகளையும் ஒன்று சேர்த்தார்.

டில்லி சென்ற மகன்

1311-ல் பாண்டிய சகோதரர்கள் அரியணைக்காக மோதிக்கொண்டனர். அதில் ஆதாயம் தேட வல்லாளர் தெற்கே படையுடன் போயிருந்தார். அந்தச் சமயம் பார்த்து டில்லி தளபதி மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டார். ஓடோடி வந்த வல்லாளர் பணிய நேர்ந்தது. யானை, குதிரை, பொன் எல்லாம் போயின. மகன் வீர விருபாட்சனையும் டில்லிக்கு அனுப்பினார். 1313-ல் மகன் திரும்பி வந்தது தந்தைக்குப் பெரும் ஆறுதல்.

1327-ல் முகமது பின் துக்ளக்கின் படை மீண்டும் தலைநகரைத் தாக்கியது. அதன்பின் வல்லாளர் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார். அண்ணாமலையார் கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

கண்ணனூரில் நேர்ந்த முடிவு

1335 வாக்கில் மதுரையில் தனி சுல்தான் ஆட்சி எழுந்தது. 1342-ல் வல்லாளர், தம் பாட்டனார் வாழ்ந்த அதே கண்ணனூரை முற்றுகையிட்டார். அப்போது அவருக்கு வயது 80. பயணி இபின் பதூதா மதுரை சுல்தானுக்கு உறவினர். அவரது குறிப்பின்படி வல்லாளர் படையில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தனர். அவர்களைத் தவிர 20,000 முஸ்லிம்களும் இருந்தனர். மதுரைப் படையோ 6,000 பேர்தான்.

கோட்டைக்குள் 14 நாள் உணவே மிச்சம். சரணடைவது பற்றி சுல்தானைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று வல்லாளர் 14 நாள் தவணை கொடுத்தார். அந்தத் தவணையே அவருக்கு எமனாயிற்று. அதற்குள் சுல்தான் கியாசுதீன் திடீரென்று பாய்ந்தார். வல்லாளர் சிறைப்பட்டார். விடுவிப்பதாகச் சொல்லி அவர் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட சுல்தான், பிறகு அவரைக் கொன்றார். தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரைச் சுவரில் தொங்கவிட்டார். இபின் பதூதா அதைத் தம் கண்ணால் பார்த்தவர்.

மகன் விருபாட்சர் நான்காம் வல்லாளராக முடிசூடினார். 1346-க்குப் பின் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. ஒய்சாள நாடு விஜயநகர அரசில் கலந்தது. பின்னர் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையை வென்றார்.

ஈசனே பிள்ளை

புராணக் கதை வேறு விதமாகச் சொல்கிறது. வல்லாளருக்கும் அரசியர் மல்லமாதேவி, சல்லமாதேவிக்கும் பிள்ளை இல்லையாம். சிவனடியாராக வந்து மன்னரைச் சோதித்த ஈசன், முடிவில் குழந்தையாகத் தவழ்ந்தாராம். அதனால்தான் மகனுக்குரிய கடனை அவரே செய்கிறாராம்.

வரலாற்றில் வல்லாளருக்கு மகன் உண்டு. ஆனால் கோட்டைச் சுவரில் தொங்கவிடப்பட்டவருக்கு முறையான ஈமக்கடன் எங்கே நடந்திருக்கும்? அந்தக் குறையைத் திருவண்ணாமலை மக்கள் ஆண்டுதோறும் தீர்த்து வைக்கிறார்கள். அரசு போய்விட்டது, குலமும் போய்விட்டது. திதி மட்டும் நிற்கவில்லை.