கான்ராட் ஹால் வாடிங்டன்

கான்ராட் ஹால் வாடிங்டன் (நவம்பர் 8, 1905 – செப்டம்பர் 26, 1975) பிரித்தானிய முளையவியலாளரும் மரபியலாளரும் ஆவார். ஒரே மரபணுக்களைக் கொண்ட உயிரணுக்கள் எவ்வாறு தசையாகவும் நரம்பாகவும் வேறுபடுகின்றன என்பதை ஆராயும் துறைக்கு 1942 இல் எப்பிஜெனட்டிக்ஸ் எனப் பெயரிட்டவர் இவரே. தமிழில் இது மேல்மரபியல் எனப்படுகின்றது.

வாழ்க்கை

இங்கிலாந்தின் ஈவ்சாம் நகரில் பிறந்தார். இவரது தந்தை அன்றைய சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த வயநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றியதால் மழலைப் பருவம் அங்கே கழிந்தது. 1910 இல் இங்கிலாந்திலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். கேம்பிரிட்ஜில் நிலவியல் பயின்று, அம்மோனைட்டு என்னும் தொல்லுயிர் எச்சங்களை ஆராயத் தொடங்கிய இவர், பின்னர் முளையவியலுக்கு மாறினார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையின் கரையோரப் பிரிவில் பணிபுரிந்தார். 1947 இல் எடின்பரோவில் விலங்கு மரபியல் பேராசிரியரானார்.

புற்றுநோய் பற்றிய கருத்து

முளையத்தின் சில பகுதிகள் அண்டை இழையங்களைத் தூண்டி, அவை இன்ன உறுப்பாக வளரவேண்டும் என்பதை நெறிப்படுத்துகின்றன. 1930களில் கோழி, வாத்து முளையங்களில் இதனை ஆராய்ந்த வாடிங்டன், 1935 இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். உடலின் இத்தகைய ஒழுங்கமைப்பிலிருந்து உயிரணுக்கள் நழுவிவிடுவதே புற்றுநோய் எனக் கருதலாம் என்பது அதன் சாரம். மரபணு எப்பொருளால் ஆனது என்பதே அறியப்படாத காலம் அது.

நிலப்பரப்பு உருவகம்

1957 இல் வெளியான நூலொன்றில், வளரும் உயிரணுவை மலைச்சரிவில் உருளும் பந்தாக வரைந்து காட்டினார். சரிவு கீழே செல்லச்செல்லப் பல பள்ளத்தாக்குகளாகப் பிரிகின்றது. ஒன்றில் இறங்கிய பந்து அடுத்த பள்ளத்தாக்குக்கு எளிதில் தாவாது. சரிவின் வடிவத்தை அடியிலிருந்து கயிறுகளால் இழுத்துப் பிடித்திருப்பவை மரபணுக்கள். குருத்தணு பற்றிய பாடநூல்களில் இப்படம் இன்றும் காணப்படுகின்றது.

பிற்காலத் தாக்கம்

டி.என்.ஏ.யில் மெத்தைல் தொகுதிகள் இணைவதால், அதன் எழுத்து வரிசை மாறாமலேயே மரபணுவின் செயற்பாடு கட்டுப்படுத்தப்படலாம் என்னும் கருத்தை ராபின் ஹாலிடே, ஜான் பியூ ஆகியோரும், தனியாக ஆர்தர் ரிக்ஸும் 1975 இல் முன்வைத்தனர். அது வாடிங்டன் மறைந்த ஆண்டு. அவர் இச்சொல்லால் குறித்தது வளர்ச்சி முழுவதையும்; இன்றைய பொருளோ பெரிதும் மரபணு அடக்கத்தையும் அதன் நினைவையும் சார்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

முளையக் குருத்தணுக்களில் பாலிகோம்பு புரதங்கள் வளர்ச்சிக்கான பல மரபணுக்களை அடக்கி வைக்கின்றன. உயிரணு வேறுபடும்போது தேவையானவை திறக்கின்றன. குருத்தணு நிலையைக் காக்கும் மரபணுக்கள் அடங்குகின்றன. 2006 இல் சின்யா யமனாக்கா குழுவினர் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, எலியின் வேறுபட்ட உயிரணுக்களைக் குருத்தணு போன்ற நிலைக்குத் திருப்பினர். வாடிங்டனின் பந்து மலையேறியது எனலாம்.

பல புற்றுநோய்களில் கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் மரபணுக்கள் மெத்தைல் ஏற்றத்தால் அடக்கப்பட்டுள்ளன. எழுத்துப் பிழையான சடுதிமாற்றத்தைப் போலன்றி, இவ்வடக்கத்தை நீக்க இயலும். மெத்தைல் ஏற்றத்தைக் குறைக்கும் அசாசிட்டிடின் என்னும் மருந்து, எலும்பு மச்சையில் குருதியணு உருவாக்கம் பழுதுறும் நோய்களுக்கு 2004 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.